டிரைவர் சீட்டில் யாரும் உட்காரலாம்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘அளவு டீச்சர்’ என்று பெயர். வைத்தவர்கள் மாணவர்கள்தான். எதைச் செய்துகொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “அளந்து பார்த்தியா?” டீச்சர் வேலைக்கு வருவதற்கு முன்பு, இயந்திரங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பல வருடங்கள் இருந்தவர். அங்கே கோடு ஒரு நூல் பிசகினால் செய்த பொருள் மொத்தமும் பழைய இரும்புக்குப் போய்விடும். அந்தப் பயம் பிறகு பழக்கமாகிவிட்டது.

உடைந்த நாற்காலிகளையும் கால் ஆடும் மேசைகளையும் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். சில கம்ப்யூட்டர்கள், தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட் நான்கு. அதில் ஒன்றின் வார் அறுந்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் அறை மறைந்து, கம்ப்யூட்டரில் கட்டிய உலகம் சுற்றிலும் நிற்கும். அந்த உலகத்தில் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இந்த உலகத்துச் சுவரில் மோதாமல் இருக்க, தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார் டீச்சர்.

தொடக்கத்தில் பிள்ளைகள் தலைகால் புரியாமல் ஆடினார்கள். பறக்கும் திமிங்கலம் செய்தார்கள். மேகத்தின் மேல் மாளிகை கட்டினார்கள். மாளிகை கட்டியவன், வகுப்பிலேயே உயரமான பையன். எல்லோரும் அவனை ‘நெட்டை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மாளிகையைச் சுற்றிச் சுற்றி வந்த டீச்சர், ஹெட்செட்டைக் கழற்றாமலே கேட்டார்.

“வாசல் எங்கேப்பா?”

நெட்டை தலையைச் சொறிந்தான். வாசல் வைக்க மறந்துபோயிருந்தான்.

“இதுக்குள்ளே போய் வேடிக்கை பார்க்கிறது ஒண்ணு. இதை வெச்சு ஒருத்தருக்குப் பயன்படற மாதிரி ஏதாவது செய்யறது வேற ஒண்ணு” என்றார் டீச்சர். “இனிமே யாருக்காகச் செய்யறீங்கன்னு முதல்ல சொல்லணும். அவங்ககிட்ட போய்ப் பேசணும். அளக்கணும், கட்டணும், அவங்களையே உட்கார வெச்சுப் பார்க்கணும். சரியில்லையா, கலைச்சுட்டு மறுபடி கட்டணும். கலைக்க அழறவங்க என் வகுப்புக்கு வரவேண்டாம்.”

தலைமையாசிரியைக்கு அந்த அறைமேல் பெரிய நம்பிக்கை கிடையாது. “விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு இடம்” என்று அலுவலகத்தில் சொன்னது டீச்சரின் காதுக்கும் வந்திருந்தது.

அந்த வகுப்பில் ‘சுண்டு’ என்று ஒரு பெண் இருந்தாள். ஆள் சிறியவள், குரல் பெரியது. அவள் அம்மாதான் பள்ளி பஸ்ஸின் டிரைவர். பஸ் பழைய மாடல். முன்னால் எஞ்சின் பெட்டி நீளமாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அதற்கு ‘மூக்கன்’ என்று பெயர். மூக்கனை அம்மா ஓட்டுகிற அழகைப் பற்றிச் சுண்டு பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். “எங்கம்மா ரிவர்ஸ் எடுத்தா ஒரே தடவைதான். ரெண்டாவது தடவை கிடையாது.”

ஒரு நாள் பள்ளி விட்ட நேரம். பஸ் முற்றத்தில் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், கையிலிருந்து நழுவி உருண்ட பென்சில் டப்பாவைத் தேடிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போயிருக்கிறான். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது. கேட்டில் நின்ற காவலாளி போட்ட கூச்சலில் பிரேக் போட்டார் சுண்டுவின் அம்மா. பம்பர் பையனின் புத்தகப் பையைத் தொட்டிருந்தது. பையன் குப்புற விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நொடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பையனின் அப்பா மறுநாள் அலுவலகத்தில் வந்து குதித்தார். “போன் பார்த்துக்கிட்டே ஓட்டியிருக்காங்க. வேற என்ன?”

சுண்டுவின் அம்மா நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். “நான் வண்டியில போனைத் தொடறதே இல்லைங்க. கிளம்பறதுக்கு முன்னாடி முன்னேயும் பார்த்தேன், ரெண்டு கண்ணாடியிலேயும் பார்த்தேன். குழந்தை அங்கே இல்லை. நான் எடுத்த அப்புறம்தான் ஓடி வந்திருக்கான்.”

“முன்னாடியே நின்னு டப்பாவைத் தேடிக்கிட்டு இருந்தேன்னு சொல்றான். என் பிள்ளை பொய் சொல்றான்றீங்களா?” என்று கேட்டார் பையனின் அம்மா. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு சொன்னார் சுண்டுவின் அம்மா.

விசாரணை முடியும்வரை வேறொரு டிரைவர் ஓட்டட்டும் என்று தலைமையாசிரியை முடிவு செய்தார்.

அன்றைக்குச் சுண்டு வி.ஆர். அறைக்குள் வந்த வேகத்தில் மஞ்சள் டேப் ஒரு ஓரம் பிய்ந்தது. “டீச்சர், நான் யாருக்காகச் செய்யப்போறேன்னு முடிவு பண்ணிட்டேன். எங்கம்மாவுக்காக. மூக்கனை இதுக்குள்ளே அப்படியே கட்டப்போறேன். எங்கம்மா மேல தப்பில்லைன்னு எல்லாரையும் டிரைவர் சீட்ல உட்கார வெச்சுக் காட்டப்போறேன்.”

டீச்சர் குனிந்து பிய்ந்த டேப்பை ஒட்டினார். வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் இந்தப் பெண் கேட்பது, தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொடுத்ததைத்தான்.

“கட்டு. ஆனா ஒண்ணு. விடையை முதல்லயே எழுதி வெச்சுக்கிட்டுக் கணக்குப் போடக் கூடாது. என்ன வருதோ அதுதான். சம்மதமா?”

“சம்மதம் டீச்சர். என்ன வரும்னுதான் எனக்குத் தெரியுமே.”

நெட்டை கூடச் சேர்ந்துகொண்டான். சாயங்காலம் பஸ் வந்து நின்றதும் இருவரும் அளவு டேப்பும் கையுமாக அதன்மேல் ஏறி இறங்கினார்கள். எஞ்சின் பெட்டியின் நீளம், சரிவு, கண்ணாடிகளின் கோணம், சீட்டின் உயரம், ஸ்டியரிங்கின் சாய்வு. புது டிரைவர், “என்னப்பா, வண்டியை விலைக்கு வாங்கப்போறீங்களா?” என்று கேட்டார்.

அம்மாவின் கண் உயரம் வேண்டும். சுண்டு வீட்டில், சாப்பிட உட்கார்ந்த அம்மாவின் பின்னால் போய் நாற்காலியிலிருந்து கண்வரைக்கும் டேப்பைப் பிடித்தாள்.

“என்னடி பண்றே? சட்டை தைக்கப் போறியா?”

“கிளாஸுக்கும்மா. ஆடாம உட்காரு.”

அம்மா முகம் திருப்பாமல் உட்கார்ந்தார். வண்டி ஓட்டாத அந்த நாட்களில் அவர் வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்துப் பளபளவென்று அடுக்கியிருந்தார். யார் என்ன கேட்டாலும், “நான் பார்த்தேன். அவன் அங்கே இல்லை” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

கம்ப்யூட்டரில் மூக்கன் மெல்ல மெல்ல எழுந்தது. பெயிண்ட் உரிந்த இடம்கூட விடாமல் செய்தான் நெட்டை. முற்றம் வந்தது, கேட் வந்தது. கடைசியில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பையன் வந்தான்.

சுண்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போது அவள் கண் இருப்பது அவள் அம்மாவின் கண் இருக்கும் இடத்தில்.

“நடக்க விடு.”

நெட்டை கம்ப்யூட்டரில் பையனை நடக்கவிட்டான். பையன் கதவோரமாக வந்தான். தெரிந்தான். எஞ்சின் பெட்டியைச் சுற்றித் திரும்பினான். தலைமுடி மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

“எங்கே போனான்?”

“எங்கேயும் போகலை. உனக்கு நேர் எதிர்லதான் நிக்கறான்.”

சுண்டு கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். முற்றம் வெறிச்சென்று கிடந்தது. கண்ணாடிகளிலும் ஒன்றுமில்லை.

ஹெட்செட்டைக் கழற்றியபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. “தப்பா கட்டியிருக்கோம்” என்றாள்.

டீச்சர் தலையாட்டினார். “இருக்கலாம். சரி பாரு.”

ஒவ்வோர் அளவாகச் சரிபார்த்தார்கள். உண்மையிலேயே ஒரு தவறு இருந்தது. டீச்சர்தான் கண்டுபிடித்தார். “சீட்டை ஆள் இல்லாம அளந்திருக்கீங்க. உட்கார்ந்தா அமுங்குமே, அதைக் கணக்குல எடுத்தீங்களா?” மறுபடியும் ஓடினார்கள். அம்மாவின் எடைக்கு ஈடாக, நெட்டை மடியில் புத்தகப் பைகளை அடுக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார, சுண்டு அளந்தாள். சீட் நன்றாகவே அமுங்கியது. அப்படியென்றால் கண் இன்னும் கீழே இருக்கிறது. அப்படியென்றால் மறையும் இடம் இன்னும் பெரிது.

தவறைத் திருத்தியதும் சுண்டுவுக்கு வேண்டாத விடை முன்னிலும் உறுதியாக வந்து நின்றது.

“டீச்சர், அவன் ஓடி வரலை” என்றாள் சுண்டு. குரல் சிறுத்துப்போயிருந்தது. “அங்கேயேதான் நின்னிருக்கான். அம்மா சொன்னது பொய்யில்லை. ஆனா சரியும் இல்லை.” பிறகு, “இதை அழிச்சுடட்டுமா?” என்று கேட்டாள்.

வகுப்பில் எத்தனையோ முறை ‘கலை’ என்று கூசாமல் சொன்ன டீச்சர் இப்போது அதைச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“நீ கட்டினது. அழிக்கிறதும் வைக்கிறதும் உன் இஷ்டம். நான் எதுவும் சொல்லமாட்டேன், யாருக்கும் காட்டவும் மாட்டேன். ஆனா நீ ஒழுங்காச் செஞ்சிருக்கே. நான் வேலை பார்த்த இடத்துல, வேண்டாத விடை வந்தா டேப்பைக் குறை சொல்ற பெரியவங்களை நிறையப் பார்த்திருக்கேன். நீ திரும்பப் போய் அளந்தே. எனக்கு அது போதும்.”

சுண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மறுநாள் அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து அறை வாசலில் நின்றாள்.

“என்ன டீச்சர், எம் பொண்ணு சோறு தண்ணி இல்லாம சுத்தறா. கேட்டா, ‘வந்து உட்காரு, அப்புறம் சொல்றேன்’ங்கறா. என்ன நடக்குது இங்கே?”

“சுண்டுவே சொல்லட்டும்” என்றார் டீச்சர்.

அம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். முதலில் ஒரு சிரிப்பு. கை தானாகவே கியர் இருக்கும் பக்கம் போய் வெறுங்காற்றைப் பிடித்தது. “அட! மூக்கனேதான்! அந்தக் கீறல்கூட இருக்கு. ஏண்டி, ஹாரன் அடிக்குமா?”

“அடிக்காதும்மா. முன்னாடி பாரு. ஒரு பையன் வருவான்.”

“வர்றான். நீலச் சட்டை. தெரியுது… தெரியுது… எங்கே, உள்ளே போயிட்டானா?”

“இல்லை.”

“பின்னே எங்கே?”

“உன் எதிர்ல நிக்கறான்மா.”

அம்மா சீட்டிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். எஞ்சின் பெட்டிக்கு அப்பால், கீழே, சின்னத் தலை ஒன்று தெரிந்தது. உட்கார்ந்தார். இல்லை. மறுபடி எழுந்தார். இருந்தது. பிறகு அவர் எழவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போலவே இரண்டு கைகளையும் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நெட்டை ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

ஹெட்செட்டைக் கழற்றியதும் அம்மா மகளைப் பார்த்தார். “எத்தனை வருஷமாடி இப்படி ஓட்டறேன்?”

“நீ பார்க்காம ஓட்டலைம்மா. பார்த்தும் தெரியலை. அது உன் தப்பில்லை.”

“தப்போ இல்லையோ, அந்தப் பையனோட அம்மா முகத்தைப் பார்த்து, உன் பிள்ளை ஓடி வந்தான்னு சொல்லிட்டேனே.” முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார். “இதை எல்லாருக்கும் காட்டு. முதல்ல அவங்களுக்குக் காட்டு. நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்.”

“நிஜமாவாம்மா?”

“பின்னே? பொட்டியில பூட்டி வைக்கவா கட்டினே?”

டீச்சர் அதோடு விடவில்லை. “குறையைக் காட்டியாச்சு. இனிமே அதுக்கு என்ன பண்றதுன்னு சொல்லணும். பாதி வேலையைக் காட்டினா பாதி மார்க்தான்.”

யோசனை பலவாறாக ஓடியது. இன்னொரு கண்ணாடி வைக்கலாமா? வைத்துப் பார்த்தார்கள்; மழை பெய்தால் அதிலும் தெரியாது. கடைசியில் சுண்டு ஒரு கம்பியை வரைந்தாள். பஸ்ஸின் முன்பக்க மூலையில், கேட் கதவு மாதிரி திறந்து முன்னால் நீளும் கம்பி. அது நீட்டிக்கொண்டிருக்கும்வரை பஸ்ஸுக்கு முன்னால் போகிறவர்கள் அதைச் சுற்றித்தான் போக முடியும். சுற்றிப் போனால் டிரைவர் கண்ணில் படுவார்கள்.

“இது மாதிரி வேற ஊர்கள்ல பஸ்ஸுக்கு மாட்டியிருக்காங்க” என்றார் டீச்சர். சுண்டுவின் முகம் வாடியது. “அதனால என்ன? உலகத்துக்குப் பழசு, மூக்கனுக்குப் புதுசு. இவன் மூக்குக்கு எவ்வளவு நீளம் வேணும்னு உலகத்துல உங்க ரெண்டு பேரை விட்டா யாருக்குத் தெரியும்?”

முதல் கம்பி குட்டையாகிவிட்டது. ஹெட்செட்டுக்குள் பையனின் தலைமுடிதான் தெரிந்தது. அடுத்தது நீளமாகி, முற்றத்துச் சுவரில் போய் இடித்தது. மூன்றாவது சரியாக இருந்தது. நெட்டை துள்ளிக் குதித்தான். டீச்சர் மட்டும் ஒரு மூங்கில் கழியை எடுத்துவந்து நிஜ மூக்கனில் அந்த அளவுக்குக் கட்டச் சொன்னார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டார்கள். முதலில் வந்த குட்டிப் பெண் கழியைப் பார்த்தாள், குனிந்தாள், கீழே புகுந்து போய்விட்டாள். அவளைப் பார்த்து மொத்த வகுப்பும் புகுந்தது.

“நம்ம நீலச் சட்டை சொன்னபடி நடந்தான்” என்று பெருமூச்சு விட்டான் நெட்டை.

“நிஜப் பிள்ளைங்க என்னிக்கு சொன்னபடி நடந்திருக்காங்க?” என்று சிரித்தார் டீச்சர். “எழுதிக்கோ. கீழேயும் ஒரு கம்பி.”

சுண்டுவின் தாய்மாமா வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வரைபடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மருமகளே, யார் போட்டது இது?”

“நான்தான் மாமா. ஏன், தப்பா இருக்கா?”

“என் பட்டறைக்கு வர்ற பெரிய பெரிய ஆளுங்க கையைக் காத்துல ஆட்டி ‘இவ்வளவு நீளம்’னு காட்டிட்டுப் போறாங்கம்மா. நீ ஆணி போடற இடம் வரைக்கும் குறிச்சிருக்கே.” கதவு திறந்தால் கம்பி தானாக நீள, ஒரு கேபிளால் இரண்டையும் இணைக்கும் வழியை அவரே சொன்னார். சுண்டு அதைப் போய் வரைபடத்தில் சேர்த்தாள்.

பெற்றோர் கூட்டத்தன்று அறை நிரம்பி வழிந்தது. சுண்டு முன்னால் வந்து நின்றாள். குரல் பழையபடி பெரிதாகவே வந்தது. “எங்கம்மா மேல தப்பில்லைன்னு காட்டத்தான் இதை ஆரம்பிச்சேன். தம்பி சொன்னதுதான் நிஜம்னு தெரிஞ்சுது. அவன் அங்கேதான் நின்னிருக்கான். நீங்களே உட்கார்ந்து பாருங்க.”

முதலில் உட்கார்ந்தது பையனின் அம்மா. சுண்டுவின் அம்மாதான் ஹெட்செட்டை அவர் தலையில் பதமாக மாட்டிவிட்டார். நீலச் சட்டை நடந்தான், திரும்பினான், மறைந்தான். பையனின் அம்மா அப்படியே கையை நீட்டித் துழாவினார். கழற்றும்போது கண் கலங்கியிருந்தது.

“உங்க பிள்ளை பொய் சொல்லலைம்மா” என்றார் சுண்டுவின் அம்மா. “நான்தான் தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

பையனின் அம்மா எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கே தெரியலையேங்க. என் பிள்ளையைத் தேடிக்கிட்டே உட்கார்ந்திருந்தும் தெரியலையே.”

அடுத்து அவர் கணவர் உட்கார்ந்தார். எழுந்தவர், “போன் பார்த்தீங்கன்னு சொன்னது… அது கோவத்துல…” என்று இழுத்தார். “இருக்கட்டும் விடுங்க” என்றார் சுண்டுவின் அம்மா.

தலைமையாசிரியையும் உட்கார்ந்தார். ஹெட்செட்டோடு வெகுநேரம் இருந்தார். கழற்றிக் கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டு டீச்சரைப் பார்த்து, “இந்த அறைக்கு இடம் போதுமா? பக்கத்து அறையையும் ஒழிச்சுத் தரச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. கம்பெனியில் அவர் போட்ட வரைபடங்கள் எந்த ஊரில் எந்த இயந்திரமாக ஓடுகின்றன என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இதை இனி தினமும் பார்க்கலாம்.

கம்பி மாட்டியதும் மூக்கனின் சாவி சுண்டுவின் அம்மா கைக்குத் திரும்ப வந்தது. கதவைத் திறந்ததும் கம்பி நீண்டது. பிள்ளைகள் அதைச் சுற்றி, அவர் கண்ணெதிரே, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். கடைசிப் பிள்ளை தாண்டும்வரை அவர் உதடு அசைந்து எண்ணிக்கொண்டேயிருந்தது.

சேதி பரவி, மற்றப் பள்ளிகளின் டிரைவர்கள் ஒரு விடுமுறை நாளில் வந்தார்கள். ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, கண் உயரத்தை அளந்து, அதற்கு ஏற்ப மாற்றிய பிறகே ஹெட்செட்டைக் கொடுத்தாள் சுண்டு. அவளைப்போல் இரண்டு மடங்கு இருந்த ஆஜானுபாகுவான ஆட்களெல்லாம் அவள் சொன்னபடி ஆடாமல் உட்கார்ந்தார்கள். நெட்டை அவர்களுடைய வண்டிகளின் அளவுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தான். அடுத்த வகுப்புக்கு வேலை வந்துவிட்டது என்று டீச்சருக்குப் புரிந்தது.

சுண்டுவின் அம்மா வரிசையை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் வாசலிலேயே நின்றிருந்தார். “உள்ளே அளந்துக்கிட்டு இருக்காளே, அது என் பொண்ணு” என்று கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.